கொரியன் புல் போட்ட செம்மண் பின்தெரு வடிகாலில் அடைத்தது: அடுத்த ஐப்பசிக்குள் வளாகத்தில் என்ன மாற்றலாம்?

துரைப்பாக்கம்_பராமரிப்பு

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலக வளாகத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. மொத்தம் நாலு ஏக்கர். ஒரு ஏக்கர் அளவுக்கு வண்டி நிறுத்துமிடம், முக்கால் ஏக்கர் புல்தரை, மீதி கட்டடமும் பாதையும்.

போன ஐப்பசியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முகப்புப் புல்தரை காய்ந்துவிட்டது என்று மேலிடத்தில் சொன்னார்கள். பழைய புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு 12 லோடு செம்மண் இறக்கினோம். பாதி இடத்துக்குத்தான் கொரியன் புல் பதித்து முடிந்தது. மீதி மண் மதிலோரம் குவியலாகக் கிடந்தது, மேலே ஒரு தார்ப்பாய் கூட இல்லாமல். பதித்த பகுதிக்குச் சனிக்கிழமை காலை யூரியா தூவினார்கள். அன்று ராத்திரி பிடித்த மழை திங்கள் விடியற்காலை வரை விடவில்லை.

திங்கள் காலை பின்தெருவிலிருந்து ஓர் அம்மா கேட்டுக்கு வந்தார். கையில் எவர்சில்வர் குடம். செக்யூரிட்டி மேசை மேல் அதை வைத்து, "இது எங்க வாசல்ல நிக்கற தண்ணி. உங்க மண்ணா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். எட்டிப் பார்த்தால் டீ மாதிரி இருந்தது. அடியில் நாலு விரல் கனத்துக்குச் செம்மண். நான் என்ன பதில் சொல்வது? போய்ப் பார்த்தபோது அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வடிகால் வாயில் எங்கள் மண்ணும், எங்கள் ஆட்கள் வெட்டிப் பெருக்கித் தள்ளிய புல்லும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தன.

மழை விட்டபின் அந்த வடிகாலை ஒட்டியே நடந்து போனேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் போய் முடிகிறது. பதினோரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். நம் தண்ணீர் எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. தோட்ட ஒப்பந்தத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வாயால் சொல்வது நிற்காது, எழுத்தில் வர வேண்டும் என்று நினைக்கிறேன். என்னென்ன எழுதலாம், வளாகத்தில் எதை மாற்றலாம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். குடம் கொண்டுவந்த அம்மாவின் மகனுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்

தம்பி, நடந்து போய்ப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. முப்பது வருடம் வடிகால் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

சென்னையில் பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. சாக்கடை குடிநீர் வாரியத்தினுடையது. அதில் விழுவது பம்பிங் ஸ்டேஷன் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகால் மாநகராட்சியுடையது. அதற்கு வழியில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. ரோட்டோரக் கம்பிச் சட்டத்துக்குள் எது விழுந்தாலும் அப்படியே ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போய்ச் சேரும். எங்கள் அண்ணா நகர் பக்கம் ஓட்டேரி நல்லா கால்வாயும் கூவம் ஆறும். தி. நகர் தண்ணீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்கு. உங்கள் தண்ணீர் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைத் தொடும். அந்தச் சதுப்பு நிலம் 2022 முதல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. 1,247 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை தட்டையான ஊர். வடிகாலுக்குக் கொடுக்க முடிகிற சரிவே ரொம்பக் குறைவு. தண்ணீர் வேகமாக ஓடும்வரை மண் கூடவே மிதந்து வரும், வேகம் குறைந்த இடத்தில் படுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் வளைவிலும், ரோட்டுக்கு அடியில் போகிற கல்வர்ட்டிலும்தான் நடக்கும். மூன்றடி ஆழ வடிகாலில் ஓர் அடி மண் படிந்தால், அடுத்த மழைக்கு உங்களிடம் இரண்டடி வடிகால்தான் இருக்கிறது. உங்கள் 12 லோடில் ஒரு லோடு போயிருந்தாலே ஒரு தெருவை அடைக்கப் போதும்.

வண்டி நிறுத்துமிடத்தையும் சும்மா விட்டுவிடாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தாலே 40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்றுக்கு மேல். மாசி முதல் படிந்த எண்ணெய்க் கறை, டயர்த் தூள், புழுதி எல்லாவற்றையும் அந்த முதல் மழைதான் வழித்துக்கொண்டு போகிறது. அதற்கப்புறம் பெய்கிற மழை கொஞ்சம் தெளிவாகவே ஓடும். அதனால் முதல் நல்ல மழைக்கு முந்திய வாரம் தரை எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நாற்றங்கால்_செல்வி

நான் தோட்டக் கான்ட்ராக்ட் எடுப்பவள். எங்கள் தொழிலில் நடப்பதை மறைக்காமல் சொல்கிறேன். புல் வெட்டிய குப்பையை ஆட்கள் ஏன் வடிகாலில் தள்ளுகிறார்கள்? வெட்டுவதற்குக் கூலி பேசுகிறோம், அள்ளிக்கொண்டு போவதற்குப் பேசுவதில்லை. மூட்டை கட்ட நேரமும் இல்லை, வண்டியும் இல்லை. மேற்பார்வையாளர் ஐந்து மணிக்கு வந்து பார்க்கும்போது பாதை சுத்தமாக இருக்க வேண்டும். ப்ளோயரைப் பிடித்து ஒரு மூலைக்குத் தள்ளினால் அங்கே வடிகால் வாய் இருக்கிறது. ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை சார். குப்பை அள்ளும் வேலையைத் தனி வரியாக, தனித் தொகையாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே தோட்டக் குப்பையை அவரவர் இடத்தில் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று இருந்தது, தெருவிலோ வடிகாலிலோ போடக் கூடாது என்றும் இருந்தது. நாலு ஏக்கரில் ஒரு மூலையில் மக்குத் தொட்டி கட்ட இடமில்லாமல் போகாது. அந்த மக்கு உரத்தையே மறுபடி புல்லுக்குப் போடலாம், உரச் செலவும் குறையும்.

வடிகாலில் அழுகுகிற புல்லால் இன்னொரு தொல்லையும் உண்டு. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ராத்திரியில் நம்மைத் தூங்கவிடாத கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்த அழுகல் தண்ணீர்தான் பிடிக்கும்.

அப்புறம் காலம். மண் கொட்டுவது, புல் மாற்றுவது எல்லாம் ஆவணிக்குள் முடிந்துவிட வேண்டும். வேர் பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகும். ஐப்பசியில் அடைமழை என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அந்த மாதத்தில் வெறும் மண்ணைத் திறந்து வைக்கிற வேலையை நான் இப்போது எடுப்பதே இல்லை. யூரியா, டிஏபி உரங்களைப் புரட்டாசி பிறந்தால் நிறுத்திவிடுவேன், மறுபடி தையில்தான். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து. தண்ணீர் பட்டதும் சர்க்கரை மாதிரி கரையும். லேசாகத் தண்ணீர் விட்டால் மண்ணுக்குள் இறங்கும், கனமழை வந்தால் அத்தனையும் உங்கள் காசோடு கால்வாய்க்குப் போகும். அங்கே அதைச் சாப்பிட்டு ஆகாயத்தாமரைதான் வளரும். தூவி முடித்ததும் சிமென்ட் பாதையில் சிதறிய உருண்டைகளைத் துடைப்பத்தால் கூட்டித் திரும்பப் புல்லிலேயே போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

பூச்சி மருந்து இன்னும் மோசம். கரையானுக்கு அடிக்கிற குளோர்பைரிபாஸ் மீனுக்குக் கடும் விஷம். மழை முன்னறிவிப்பு இருக்கிற நாளில் எந்த மருந்தும் வேண்டாம். இட்லிப்பூச் செடியில் மாவுப்பூச்சி வந்தால் நான் முதலில் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்தான் அடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

கூவக்கரை_குமார்

எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு வருத்தம். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் வளர்ந்தவன் நான். ஆற்றில் வருடம் முழுக்க ஓடுவது சாக்கடை. வடிகாலிலேயே திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்து வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துப்போனதை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில் புல்லுக்குத் தூவிய யூரியாவைப் பற்றியும் தோட்டக்காரரின் துடைப்பத்தைப் பற்றியும் இவ்வளவு பேசினால், பெரிய இடத்துக் கேள்விகள் அமுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடைசியில் கூலிக்காரர் தலையில்தான் விடியும்.

பின்தெரு_வாசி

குடம் கொண்டுபோனது என் அம்மாதான்.

குமார் அண்ணா, நீங்கள் சொல்கிற சாக்கடை எங்கள் வடிகாலிலும் கொஞ்சம் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருடம் அதே அளவு மழைக்கு வாசற்படி வரை வந்து நாலு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. போன ஐப்பசியில் இரண்டு நாள் நின்றது. ஃப்ரிட்ஜ் போச்சு, அரிசி மூட்டை போச்சு. குடத்தோடு உங்கள் கேட்டுக்கு வந்ததைத் தவிர அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குக் கூப்பிட்டு, ஆட்கள் வந்து வாயைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது புல்லும் செம்மண்ணும்தான். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சாக்கடையும் மண்ணும் சேர்ந்தால் இன்னும் கெடுதல் என்பதையும் அந்த இரண்டு நாளில் பார்த்தோம். ஓடிப்போயிருக்க வேண்டிய அழுக்குத் தண்ணீர் மண் அடைத்ததால் எங்கள் கூடத்தில் நின்றது.

கூவக்கரை_குமார்

தம்பி, அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். அடைப்பு எப்படி இரண்டையும் ஒன்றாக்குகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. தோட்டக்காரர் தலையில் கட்டக் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. செல்வி அக்கா சொன்ன தனித் தொகைதான் நியாயம்.

துரைப்பாக்கம்_பராமரிப்பு

செல்வி மேடம், ஓவர்சியர் ஐயா, இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். எங்கள் ஆள் ஒருவர், மழை வரும்போது வளாகத்து வடிகால் வாயை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிடலாம் என்கிறார். சரியா? அடுத்தது, வாரம் ஒருமுறை வண்டி நிறுத்துமிடத்தை ஹை பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுகிறோம். சுத்தமாக வைத்திருப்பது நல்லதுதானே?

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்

ஷீட் போட்டு மூடவே கூடாது. தண்ணீர் போக இடமில்லாமல் உங்கள் அடித்தளத்துக்குள் இறங்கும், அங்கே ஜெனரேட்டர் இருந்தால் இன்னும் ஆபத்து. சணல் சாக்கில் முக்கால் பாகம் முக்கால் இன்ச் ஜல்லி நிரப்பித் தைத்து, வாயைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். தண்ணீர் கசிந்து உள்ளே போகும், மண் வெளியே தங்கும். வேலை நடக்கிற நாட்களுக்கு மட்டும், உங்கள் மதிலுக்கு உள்ளே இருக்கிற வாய்களுக்கு மட்டும். தெரு வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தங்கிய மண்ணை அள்ள ஆள் வேண்டும், இல்லாவிட்டால் சாக்கே அடைப்பாகிவிடும். இவ்வளவையும் விட மலிவான வழி, குவியலை வடிகாலிலிருந்து தள்ளி மேட்டில் கொட்டித் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்துக் கட்டுவது. மண் ஒருமுறை கிளம்பிவிட்டால் அப்புறம் பிடிப்பது கஷ்டம்.

கழுவுவது பற்றி வண்டித் தொழிலில் இருக்கிற ரஃபி பாய் சொன்னால் சரியாக இருக்கும்.

சர்வீஸ்_ரஃபி

வடபழனியில் கார் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை பம்ப் வைத்துக் கழுவுகிறீர்கள் என்றால், வாரம் ஒருமுறை அந்த எண்ணெயைச் சதுப்பு நிலத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம் சார். மழை செய்கிற வேலையைத்தான் பம்பும் செய்கிறது. முதலில் கூட்டுங்கள். எண்ணெய் சொட்டிய இடத்தில் மரத்தூள் போட்டு, காலால் நன்றாகத் தேய்த்து, அரை மணி நேரம் விட்டு அள்ளுங்கள். அந்தத் தூளைச் சாதாரணக் குப்பையில் போடாமல் மூடி போட்ட டிரம்மில் தனியாக வையுங்கள், எண்ணெய் கலந்த கழிவை எடுக்க அனுமதி வாங்கியவரிடம் கொடுக்கலாம். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே இடத்தில் கழுவி, அந்தத் தண்ணீரை மூன்று அறைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். முதல் அறையில் மண் தங்கும். இரண்டாவது அறையில் எண்ணெய் மேலே மிதக்கும். அங்கிருந்து போகிற குழாயை வளைத்துத் தண்ணீருக்கு அடியில் இறக்கி வைத்தால் எண்ணெய் மேலேயே நின்றுவிடும், கீழே இருக்கும் தண்ணீர் மட்டும் மூன்றாவது அறைக்கு வரும். அதைச் சாக்கடைக்கோ உங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கோ விடுங்கள், வடிகாலுக்கு வேண்டாம். என் கடையில் மாதம் ஒருமுறை மிதப்பதை எடுக்கிறோம். எடுக்காமல் விட்டால் தொட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் இடத்தையும் பாருங்கள். நாலு அங்குலம் உயரத்துக்குச் சுற்றிச் சின்னக் கட்டைச்சுவர் கட்டினாலே சிந்தியது வெளியே வராது.

குரோம்பேட்டை_லதா

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் கல்யாண மண்டபத்தில் மழைநீர் சேகரிப்புக் கிணறு இருக்கிறது, 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று வந்தபோது போட்டது. வண்டி நிறுத்துமிடத் தண்ணீரையும் அதிலேயே விட்டால் வடிகாலுக்கு எதுவுமே போகாது இல்லையா?

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்

வேண்டாம் அம்மா. உறைகிணறு நேராக நிலத்தடி நீரோடு பேசுகிறது. மொட்டை மாடித் தண்ணீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, அதில் விடலாம். வண்டி நின்ற தரைத் தண்ணீரை விட்டால் எண்ணெயை உங்கள் போர்வெல்லுக்கே ஊற்றியது போல ஆகும். அதைப் புல்லோ வெட்டிவேரோ நட்ட தாழ்வான பாத்தி வழியாக மெதுவாக ஓடவிட்டு, மண்ணிலேயே கொஞ்சம் ஊறட்டும், மிச்சம் வடிகாலுக்குப் போகட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பூமியில் இது வேகமாக ஊறும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண், அங்கே பாத்திக்கு அடியில் ஜல்லியும் துளைக் குழாயும் போடாவிட்டால் குளமாகிவிடும்.

மண்டபம் என்றீர்கள், சமையல் கூடத்துப் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் அது வடிகாலில் இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மழை இல்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்து தொட்டியில் ஊற்றுங்கள். எந்த மூடியில் ஆரஞ்சு நிறம் தெரிகிறதோ அங்கேதான் போகிறது.

துரைப்பாக்கம்_பராமரிப்பு

ஐயா, அந்தக் கேசரிப் பவுடரை நேற்று நானே கலந்து ஊற்றினேன். மூன்று இடம் சரியாக இருந்தது. கேன்டீன் பின்னால் குப்பைத் தொட்டி கழுவுகிற மேடைத் தண்ணீர் மட்டும் மழைநீர் வடிகாலில் வந்தது. கட்டும்போதே அப்படி இணைத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை அங்கே கழுவுகிறார்கள். பிளம்பர் வந்து பார்த்துவிட்டார், குழாயைத் திருப்பிச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். தரையை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

ஒப்பந்தம் இந்த வாரம் கையெழுத்தானது. குப்பை அள்ளுவதற்குத் தனித் தொகை போட்டிருக்கிறோம், மாதம் கொஞ்சம் கூடுதல்தான். கணக்குப் பிரிவில் கேட்டார்கள், போன வருடம் பின்தெருவில் தண்ணீர் இறைக்க மோட்டாருக்கும் ஆளுக்கும் நாம் கொடுத்ததைக் காட்டினேன், அதற்கப்புறம் கேட்கவில்லை. ஆவணி கடைசிக்குப் பிறகு மண் வேலை கிடையாது. உரம், மருந்து இரண்டையும் பூட்டிய அறையில் பலகை மேல் அடுக்க வேண்டும், எடுப்பதை நோட்டில் எழுத வேண்டும், வானிலை மையம் கனமழை என்று சொல்லியிருந்தால் தூவக் கூடாது. முகப்பில் மூன்றில் ஒரு பங்குப் புல்லை எடுத்துவிட்டு நந்தியாவட்டையும் அரளியும் வைத்து, காய்ந்த இலையையே மண்ணை மூடும் மூடாக்காகப் போடுகிறோம். மேலிடத்தில் முதலில் முகம் சுளித்தார்கள், தண்ணீர் லாரிச் செலவு குறையும் என்றதும் சரி என்றார்கள்.

நாற்றங்கால்_செல்வி

ஒன்று விட்டுவிட்டீர்கள் சார். வெளியில் இருந்து வருகிற கட்டட வேலைக்காரர்களுக்கும் இதையே எழுதுங்கள். கான்கிரீட் கலவை வண்டி கழுவின தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரியே கடும் காரம், காரத்தைக் காட்டுகிற பிஹெச் அளவு 12 வரை இருக்கும். செடியில் ஊற்றினால் செடி கருகும், கால்வாயில் போனால் மீன் சாகும். ஒரு குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அதில் கழுவச் சொல்லுங்கள். இறுகியபின் உடைத்துக் கட்டட இடிபாடுகளோடு அனுப்பிவிடலாம். பெயின்ட் டப்பா, பிரஷ் கழுவுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

துரைப்பாக்கம்_பராமரிப்பு

சேர்த்துவிட்டேன் மேடம்.

புரட்டாசி இரண்டாவது வாரம். முந்தாநாள் ராத்திரி நல்ல மழை, அதனால் எழுதுகிறேன். அதற்கு முந்திய வாரமே வண்டி நிறுத்துமிடத்தைத் தண்ணீர் இல்லாமல் கூட்டி அள்ளினோம், பதினாலு மூட்டை புழுதியும் சருகும். காலையில், தண்ணீர் வடிகாலுக்குப் போகுமுன் மண் தங்குகிற வளாகத்து வண்டல் தொட்டிகளைத் திறந்து பார்த்தோம். மூன்றில் கையளவு மண்தான். நாலாவது, தென்மேற்கு மூலையில், பாதி நிரம்பியிருந்தது. அந்தப் பக்கம் மதிலோரம் குழாய் பதிக்கத் தோண்டிய மண் மூடாமல் கிடந்திருக்கிறது, எங்கள் கண்ணில் படவில்லை. இன்றைக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. கேன்டீன் குழாய் இன்னும் மாற்றவில்லை, அனுமதி வந்துவிட்டது, சனிக்கிழமை உடைக்கிறார்கள். அதுவரை அந்த மேடையில் கழுவுவதை நிறுத்தி, தொட்டிகளை உள்ளே சமையலறைத் தொட்டியடியில் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, உங்கள் தெருவில் எப்படி இருந்தது?

பின்தெரு_வாசி

முதல் படி வரை வந்தது சார். காலை ஒன்பது மணிக்கு வடிந்துவிட்டது. அம்மா மறுபடியும் ஒரு சொம்பில் பிடித்து வைத்துப் பார்த்தார். கலங்கல் இருக்கிறது, அடியில் மண் ஒரு விரல் கூட இல்லை. சனிக்கிழமை குழாய் வேலை முடிந்ததும் சொல்லுங்கள், நானும் வந்து அந்தக் கேசரிப் பவுடரை இந்தப் பக்க மூடியில் நின்று பார்க்கிறேன்.